மதகின்மேல் விழுந்த மூக்கு

உலகில் இதுவரை நடந்த போர்களில், ஒரு துளி ரத்தமும் சிந்தாமல், ஒரே ஒரு கோப்பைத் தேநீர் மட்டும் சிந்தி, முழு வெற்றியில் முடிந்த போர் ஒன்று உண்டு. விமான ஜன்னலில் விழும் பிரதிபலிப்பின்மீது எங்கள் ஏரிப் பாதுகாப்புத் துறை தொடுத்த போர் அது. வரலாற்று ஆசிரியர்கள் இதைக் கவனிக்கத் தவறிவிட்டார்கள். அவர்கள் பெரும்பாலும் நடு இருக்கையில் பயணம் செய்பவர்களாக இருக்க வேண்டும். அந்தப் போரில் துறையின் செய்தித் தொடர்பாளனாகப் பணியாற்றும் பேறு பெற்றவன் நான். நடந்ததை நடந்தபடி சொல்லவேண்டியது என் கடமை.

முதலில் போர்க்களம். எங்கள் ஊர் விமான நிலையத்தின் ஓடுபாதை முடியும் இடத்தில் ஒரு மதில். மதிலுக்கு அப்பால் ஓர் ஏரி. ஏரிக்கரைக்குக் கீழே ஒரு காலனி. இறங்க வரும் விமானங்கள் காலனியின் மொட்டை மாடிகளை உரசாத குறையாகப் போகும். ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர், கொடியில் காய்வது சேலையா போர்வையா என்று சொல்லிவிடலாம். ஏரிக்கு ஒரு மதகு உண்டு. அதன் இரும்புக் கதவு துருப்பிடித்து, மூடிய நிலையிலேயே இறுகிவிட்டது. மழை வந்து ஏரி நிரம்பினால் தண்ணீர் மதகு வழியாக வாய்க்காலுக்குப் போக முடியாது. கரை தாழ்ந்திருக்கும் பக்கமாக வழிந்து காலனிக்குள் போகும். காலனியின் முதல் தெருவில் முதல் வீடு என் அக்காவுடையது. போன மழைக்கு அவள் வீட்டுக் கூடத்தில் முழங்கால் அளவு தண்ணீர். இதை நான் குடும்பச் செய்தியாகச் சொல்லவில்லை, நில அமைப்பைப் பற்றிய செய்தியாகச் சொல்கிறேன்.

அந்தக் கதவைச் சரிசெய்ய ஒரு வெல்டரும் ஒரு பகல் பொழுதும் போதும் என்று காலனிக்காரர்கள் சொல்வார்கள். ஆனால் எங்கள் துறை எடுத்தேன் கவிழ்த்தேன் என்று வேலை செய்யும் துறை அல்ல. தலைமையகம் இதற்கென்று ஒரு விதி வகுத்திருக்கிறது. ஏரியில் பழுது எதுவானாலும், அது வான்வழியாக எடுக்கப்பட்ட படத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும். அப்போதுதான் பழுதுபார்க்க ஒப்புதல். துறைக்குச் சொந்த விமானம் கிடையாது. ஆகவே எங்கள் இயக்குநர் சாதாரணப் பயணிகள் விமானத்தில் தலைமையகம் இருக்கும் நகரத்துக்குப் போவார். அங்கே விமான நிலையத்திலேயே ஒரு காபி குடிப்பார். அடுத்த விமானத்தில் திரும்புவார். விமானம் இறங்கும்போது, ஜன்னலோரம் அவர் ஏரியை 'ஆய்வு' செய்ய, பக்கத்து இருக்கையிலிருந்து எங்கள் படக்காரர் அவர்மேல் சாய்ந்து படம் எடுப்பார். மூன்றாவது இருக்கையில் நான்.

எங்கள் அலுவலகத்துக்கும் ஏரிக்கும் கூப்பிடு தூரம். மாடிப்படியில் நின்றால் தவளைச் சத்தம் கேட்கும். அந்தக் கூப்பிடு தூரத்தைக் கடக்க இவ்வளவு தொலைவு பறக்கும் துறை வேறெங்கும் இருக்க முடியாது என்பதைப் பெருமையோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

முதல் படத்தை அனுப்பினோம். தலைமையகத்திலிருந்து பதில் வந்தது: 'படத்தில் மதகு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மூக்கு காணப்படுகிறது. மூக்கைப் பழுதுபார்க்க இத்தலைப்பின் கீழ் நிதி இல்லை.'

இயக்குநர் உடனே கூட்டம் கூட்டினார். படத்தை மேசைமேல் வைத்து, எல்லோரையும் ஒரு சுற்று பார்த்தார்.

"யாரோட மூக்குங்க இது?"

அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். அந்த மூக்கின் கீழேதான் நாங்கள் எல்லோரும் வேலை பார்க்கிறோம். கடைசியில் படக்காரர்தான் பேசினார்.

"அது வெளிச்சத்தோட தப்பு சார்."

"வெளிச்சத்துக்கு ஏதுய்யா இவ்வளவு பெரிய மூக்கு?"

"அதில்ல சார். விமானத்துக்குள்ள விளக்கு எரியுது. அந்த வெளிச்சம் நம்ம மேல பட்டு, நாம ஜன்னல்ல விழறோம். வெளியில இருக்கறதும் உள்ள இருக்கறதும் ஒண்ணா கேமராவுக்குள்ள வந்துடுது."

"அப்ப உள்ள இருக்கறதை எடுத்துடுங்க. இதுல என்ன கஷ்டம்?"

"உள்ள இருக்கறது நீங்க சார்."

இயக்குநர் படத்தை மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

"நீங்க வழியோர சீட்ல உட்கார்ந்துட்டா..." என்று படக்காரர் தொடங்கினார்.

"ஆய்வு பண்றது யாரு? நானா, கேமராவா?" என்று இயக்குநர் கேட்டார். அதோடு அந்த யோசனை கைவிடப்பட்டது. அன்று மாலையே 'பிரதிபலிப்பு ஒழிப்புக் குழு' உருவானது. இயக்குநர் தலைவர். படக்காரர் தொழில்நுட்ப உறுப்பினர். நான் செயலாளர். மதகைப் பற்றி முடிவு எடுக்கத் தெரியாத அலுவலகம் என்று எங்களைக் குறை சொன்னவர்கள் உண்டு. மூக்கைப் பற்றி ஒரே மாலையில் முடிவு எடுத்தோம் என்பதை அவர்கள் கவனிக்க வேண்டும்.

நல்ல செய்தியைச் சொல்ல நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் கூடத்துச் சுவரில் போன வருடத்துத் தண்ணீர்க் கறையின்மேல் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னடா, வெல்டர் வர்றாரா?"

"அதைவிடப் பெரிய விஷயம்க்கா. குழு போட்டிருக்கோம்."

"குழு வந்து கதவைத் தூக்குமா?"

"குழு மதகுக்கு இல்லக்கா. ஜன்னலுக்கு."

அவள் பிரஷை வாளியில் போட்டுவிட்டு உள்ளே திரும்பினாள். "என்னங்க, இங்க வாங்க. உங்க மச்சான் ஜன்னலுக்குக் குழு போட்டிருக்கானாம். கேட்டுட்டுப் போங்க."

அத்தான் கைபேசியோடு வந்தார். அவர் அதிகம் பேசாதவர், ஆனால் கைபேசியில் படம் நன்றாக எடுப்பார். "மச்சான், இதைப் பாருங்க. நம்ம மாடியில நின்னு எடுத்தேன். மதகு தெரியுது, துரு தெரியுது, கதவு மேல உட்கார்ந்திருக்கற கொக்குகூடத் தெரியுது. மூக்கு எதுவும் இல்ல."

"அருமையான படம் அத்தான். ஆனா இது தரைவழிப் படம்."

"மேல இருந்துதானே எடுத்தேன்?"

"மொட்டை மாடி வானத்துல சேராது அத்தான். அது சுவரு, சுவரு அஸ்திவாரம், அஸ்திவாரம் தரைன்னு கீழ வந்துடும். தரையோட தொடர்பே இல்லாத இடத்துல இருந்து எடுக்கணும்."

"அப்ப குதிச்சுக்கிட்டே எடுக்கச் சொல்லட்டுமா?" என்றாள் அக்கா.

குதித்தவர் தரையைத் தொடும்வரை வான்வழியில் இருப்பதாகக் கொள்ளலாமா என்பது நுட்பமான கேள்வி. "கேட்டுத்தான் சொல்லணும்க்கா" என்றேன்.

"கேளு, நல்லா கேளு. தரையோட தொடர்பு இல்லாதவங்க உங்க ஆபீஸ்ல நிறைய பேர் இருக்காங்கன்னு தெரியும். அதுக்கு விதியே இருக்குன்னு இன்னைக்குத்தான் தெரியுது. டேய், மழைக்கு முன்னாடி அந்தக் கதவு திறக்கணும். இல்லன்னா இந்தத் தடவை கட்டிலும் பீரோவும் உன் வீட்டுக்குத்தான் வரும். நாங்களும் வருவோம். சொல்லிட்டேன்."

மக்களின் எதிர்பார்ப்பு எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்பதை அன்று புரிந்துகொண்டேன். என் வீடு ஒரே அறை.

போர் தொடங்கியது. முதல் கட்டமாகக் கேமராவின் ஃபிளாஷை அணைத்தோம். அதுவரை அது எரிந்துகொண்டிருந்தது. ஏரிக்கு வெளிச்சம் போதாமல் போய்விடக் கூடாது என்பது இயக்குநரின் கருணை. அணைத்ததும் மூக்கு மறைந்தது, சட்டை வந்தது. இயக்குநர் எப்போதும் வெள்ளைச் சட்டைதான் போடுவார். அது ஜன்னலில் பளீரென்று விழுந்து, ஏரியின் நடுவே மேலிருந்து கீழாக நின்றது. தலைமையகம் கேட்டது: 'நீர்ப்பரப்பின் நடுவில் ஒரே வரிசையாகத் தெரியும் வட்ட வடிவக் கட்டுமானங்கள் எவை? அனுமதி பெற்றவையா?'

அவை சட்டைப் பொத்தான்கள் என்று விளக்கம் எழுதினேன். பொத்தான்கள் அகற்றப்பட்ட பின் மீண்டும் படம் எடுத்து அனுப்புமாறு பதில் வந்தது.

அடுத்த பயணத்தில் மூவரும் கறுப்புச் சட்டை, கறுப்புக் கால்சட்டையில் ஏறினோம். வழிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ஒரு பெரியம்மா நெடுநேரம் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பொறுக்க முடியாமல் எட்டி என் கையைத் தொட்டார்.

"யாருப்பா போயிட்டாங்க?"

"இன்னும் போகலம்மா. அதுக்காகத்தான் பாடுபடறோம்."

"அடப்பாவமே. யாரு, சொந்தமா?"

"பிரதிபலிப்பும்மா."

"பேரே கேட்டதில்லையே. வயசானவங்களா?"

இயக்குநர் அந்தப் பக்கமிருந்து, "போயே தீரணும்மா, விடமாட்டோம்" என்றார். பெரியம்மா கையை இழுத்துக்கொண்டார். இறங்கும்வரை அவர் எங்கள் பக்கம் திரும்பவில்லை.

கறுப்புச் சட்டை நல்ல பலன் தந்தது. உடல் முழுவதும் படத்திலிருந்து மறைந்துவிட்டது. தலை மட்டும் ஏரியின்மேல் தனியாக மிதந்தது. இந்தப் படத்தை அனுப்பினால் காவல்துறை வரும் என்று படக்காரர் சொன்னதால் அனுப்பவில்லை.

பிறகு படக்காரர் ஒரு கண்ணாடி வில்லை வாங்கி வந்தார். லென்ஸின் முன்னால் அதை மாட்டித் திருகினால், தண்ணீரில் தெறிக்கும் வெளிச்சத்தை அடக்கிவிடுமாம். ஏரிக்கரையில் நின்று எடுத்தால் அடக்கியிருக்கும். விமான ஜன்னலோ பிளாஸ்டிக். பிளாஸ்டிக்கும் அந்த வில்லையும் சேர்ந்ததில் ஏரி முழுவதும் வானவில்லின் நிறங்கள் ஓடின. பார்க்க அழகாக இருந்ததால் இயக்குநர் அதை அனுப்பச் சொன்னார். 'ஏரியில் சாயம் கலக்கும் தொழிற்சாலையைக் கண்டுபிடித்து நடவடிக்கை எடுக்கவும்' என்று உத்தரவு வந்தது. ஊரில் சாயத் தொழிற்சாலை எதுவும் இல்லை. இருந்தாலும் உத்தரவு உத்தரவுதான். தேடினோம். வான்வழியாகவே தேடினோம்.

அந்தத் தேடலின்போதுதான் தேநீர் சிந்தியது. கோப்பை ஜன்னலில் விழாதபடி இயக்குநர் அதை மடிக்குள் மறைத்து வைத்திருந்தார். விமானம் ஒரு குலுங்கு குலுங்கியது. அவர் எழுப்பிய குரல் விமானி வரை கேட்டது. ஆனால் படத்தில் கோப்பை விழவில்லை என்பதைக் குழு நிறைவோடு பதிவு செய்தது.

இறுதி ஆயுதம் போர்வை. கேமராவையும் ஜன்னலையும் சேர்த்து ஒரு கறுப்புத் துணியால் மூடிவிட்டால், உள்வெளிச்சம் புக வழியே இல்லை என்றார் படக்காரர். லென்ஸை ஜன்னலுக்கு மிக நெருக்கமாக வைக்க வேண்டும், ஆனால் ஒட்டக் கூடாது, ஒட்டினால் விமானத்தின் நடுக்கம் படத்தில் இறங்கிவிடும். முதல் ஒத்திகைக்கு மழைக்கால மேகங்கள் திரளத் தொடங்கியிருந்த ஒரு நாளில் கிளம்பினோம். இயக்குநரும் படக்காரரும் கேமராவும் போர்வைக்குள். போர்வையின் இரு மூலைகளை உயர்த்திப் பிடித்தபடி நான் வெளியே. விமானப் பணிப்பெண் வந்து நின்றார்.

"சார், உள்ள எத்தனை பேர் இருக்காங்க?"

"ரெண்டு பேரும்மா. ஒருத்தர் இயக்குநர்."

"சினிமாவா?"

"ஏரி."

போர்வைக்குள்ளிருந்து, "கழுத்து, கழுத்து! என் கழுத்தை விடுய்யா" என்று குரல் வந்தது. "அது என் கழுத்து சார்" என்று இன்னொரு குரல் வந்தது.

"விமானம் இறங்கப் போகுது சார். பெல்ட் போட்டிருக்கணும்."

"போட்டிருக்காங்கம்மா. இடுப்பு ரெண்டும் அதது சீட்லதான் இருக்கு. தலை மட்டும்தான் ஒண்ணு சேர்ந்திருக்கு."

அவர் கொஞ்சம் யோசித்தார். "எதுக்கு சார் இதெல்லாம்? ஏரியை அவ்வளவு பிடிக்கும்னா, ஏர்போர்ட்டுக்கு வெளியில இறங்கி நடந்தா வந்துடுமே. நாங்க டியூட்டி முடிஞ்சு அங்கதான் காத்து வாங்கப் போவோம்."

பொதுமக்களுக்கு விதிகளைப் பற்றிய விழிப்புணர்வு போதவில்லை என்று மனதுக்குள் குறித்துக்கொண்டேன். அன்றைய படத்தில் முக்கால் பங்கு தெளிவு. மீதி கால் பங்கில் போர்வையின் ஓரம். வெற்றி கைக்கு எட்டிவிட்டது. அடுத்த முறை போர்வையை அகலமாகத் தைத்துக்கொள்வதென்று தீர்மானித்தோம்.

அடுத்த முறை நாங்கள் தலைமையக நகரத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது, எங்கள் ஊரில் மழை பிய்த்து உதறி ஓய்ந்திருந்தது. அக்கா கைபேசியில் அழைத்தாள்.

"டேய், ஏரி வழிஞ்சிடுச்சு. தண்ணி வாசப்படி ஏறி உள்ள வந்தாச்சு. உங்க அத்தான் பீரோவைத் தூக்க முடியாம கட்டிப் பிடிச்சுக்கிட்டு நிக்கறாரு. நீ எங்க இருக்க?"

"விமானத்துக்குக் காத்துக்கிட்டிருக்கோம்க்கா. உங்க ஏரியைத்தான் எடுக்க வர்றோம். மேகமா இருக்கறதால இன்னைக்கு வெளிச்சம் ரொம்ப நல்லா இருக்கும்னு படக்காரர் சொல்றாரு."

அந்தப் பக்கம் தண்ணீர் சலசலக்க அக்கா மாடிப்படி ஏறும் சத்தம் கேட்டது. பிறகு அக்கா மிகவும் அமைதியாகக் கேட்டாள். "எப்ப எங்க வீட்டு மேல வருவீங்க?"

சொன்னேன்.

"உங்க இயக்குநர் எந்தப் பக்கம் உட்காருவாரு?"

"இடது பக்கம். இறக்கைக்கு முன்னால."

"சரி, வாங்க" என்று வைத்துவிட்டாள். துறையின் பணியில் அவள் முதல்முறையாகக் காட்டிய அக்கறை அது. எனக்குக் கண்கள் லேசாகக் கலங்கின.

அன்று எடுத்ததுதான் அந்தப் படம். மூக்கு இல்லை, பொத்தான் இல்லை, வானவில் இல்லை, போர்வை ஓரம் இல்லை. ஜன்னல் என்று ஒன்று இருந்ததற்கான அடையாளமே இல்லை. ஏரி, ஏரியோடு ஒன்றாகிவிட்ட காலனி, அதன் நடுவே மொட்டை மாடிகள், மாடிகளில் மனிதர்கள். அத்தனையும் கழுவித் துடைத்தது போல இருந்தன. ஓடுபாதையிலேயே இயக்குநர் படக்காரரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். தலைமையகத்தின் பதிலும் மறுநாளே வந்தது: 'படம் மிகச் சிறப்பு. பிரதிபலிப்பு அறவே இல்லை. எனினும் மதகு தண்ணீருக்குள் மூழ்கியிருப்பதால் தெரியவில்லை. தண்ணீருக்கு அடியில் உள்ளவை இப்பிரிவின்கீழ் வாரா.'

அதற்குள் காலனிக்காரர்கள் கயிறு, கடப்பாரையோடு மதகில் இறங்கி, அக்கா கரையில் நின்று போட்ட சத்தத்துக்கு ஏற்ப இழுத்து, கதவைப் பெயர்த்து எடுத்துவிட்டிருந்தார்கள். தண்ணீர் வாய்க்காலில் இறங்கிப் போய்விட்டது. ஆனால் அது முழுக்கத் தரைவழியில் நடந்த வேலை. ஆகவே எங்கள் பதிவுகளின்படி கதவு இன்னும் மூடித்தான் இருக்கிறது.

அந்த ஆண்டின் 'தெளிவு விருது' எங்கள் படத்துக்குக் கிடைத்தது. அதைச் சுவர் அளவுக்குப் பெரிதாக்கி அலுவலக வாசலில் மாட்டினார்கள். படத்தின் நடுவே, முதல் வீட்டு மாடியில், ஒரு பெண்மணி வலது கையை உயர்த்தியபடி விமானத்தை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருந்தார். 'வெள்ள ஆய்வுக்கு வந்த இயக்குநரைக் கையசைத்து வரவேற்கும் காலனிப் பெண்மணி' என்று கீழே எழுதினேன். எழுதச் சொன்னது இயக்குநர்.

படத்தைத் திறந்துவைத்த அன்று அவர் அதன் முன்னால் வெகுநேரம் நின்றார்.

"யாருங்க இந்த அம்மா? முகத்துல எவ்வளவு உணர்ச்சி பாருங்க."

"என் அக்கா சார்."

"அப்படியா! சொல்லவே இல்லையே. கையில என்னவோ வச்சிருக்காங்க போலிருக்கே. பூவா?"

படக்காரர் முன்னால் வந்து பார்த்தார். உடனே அவருக்கு வேறெங்கோ அவசர வேலை வந்துவிட்டது. நான் பார்த்தேன். இயக்குநர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். படத்தில் கொஞ்சமும் மங்கல் இல்லை. எதையும் வேறு எதுவாகவும் நினைத்துக்கொள்ள வழி இல்லை. வாசல் காவலர் சல்யூட் அடித்த கையை இறக்க மறந்து அவரும் பார்த்துக்கொண்டிருந்தார்.

இயக்குநர் என்னைத் தனியாக ஓர் ஓரத்துக்கு அழைத்துப் போனார். குரலைத் தாழ்த்தினார். "அந்தக் கை இருக்கற இடத்துல மட்டும்... லேசா ஒரு பிரதிபலிப்பு சேர்க்க முடியுமான்னு கேட்டுப் பாருங்களேன்."

மாலையில் அக்கா வீட்டுக்குப் போனேன். கூடத்துச் சுவரில் புதிய கறை, பழைய கறை இருந்த இடத்துக்கு ஒரு சாண் மேலே.

"ஏன்க்கா இப்படிப் பண்ணே? அது எனக்கா, இயக்குநருக்கா?"

"ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான்டா. இன்னொரு செருப்பு தண்ணியில போயிடுச்சு, ஒண்ணுதான் மிச்சம் இருந்துச்சு." அவள் சுண்ணாம்பு வாளியை என் பக்கம் தள்ளிவிட்டாள். "அது போகட்டும். படத்துல நல்லா விழுந்திருக்கா?"

துறையின் சாதனையைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "வாரு பிஞ்சிருக்கறதுகூடத் தெரியுதுக்கா" என்றேன்.

"பரவாயில்லையே" என்றாள் அக்கா. "உங்க ஆபீஸ் ஒரு வேலையையாவது உருப்படியா செஞ்சிருக்கு."